இத்தா அறைக்கு வந்த லைன்

"இத்தா இருக்கிற ஊட்டுக்குள்ள ஒரு அந்நிய ஆம்புளையக் கூப்பிட்டு—"

"ஊட்டுக்குள்ள இல்ல மாமி, கேட்டடியிலதான் அவன்—"

"கேட்டடியில நிண்டா? அவன்ட சத்தம் இஞ்ச கேக்கும், றுமானாட சத்தம் அங்க கேக்கும். அதுக்குப் பேர் என்னகா?"

"அதுக்குப் பேர் வேலை. நான் என்ன மாப்புள பேசவா கூப்பிட்ட?"

"வாயக் கழுவு றாஹிலா! என்ட மகன் மௌத்தாகி இன்னம் மாசமாகல்ல."

"மௌத்தான ஆள் எனக்கும் மச்சான்தானே மாமி."

சபியா உம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கேட்டுக்கு வெளியே மோட்டார் சைக்கிளில் இருந்தபடி இன்பாஸ் ஹோர்னை ஒருமுறை மெதுவாக அமத்தினான். கல்முனை டவுனில் கொம்பியூட்டர் கடை வைத்திருப்பவன். கையில் சிறிய அட்டைப் பெட்டி ஒன்றை வைத்துக்கொண்டு, வீட்டுப் பக்கம் பார்க்கக் கூடாதென்று வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சாய்ந்தமருதில், கடற்கரை வீதிக்கு இரண்டு ஒழுங்கை உள்ளே இருந்த அந்த வீடு றுமானாவின் சீதன வீடு. பக்கத்து வளவு அவளுடைய மூத்த சகோதரி, ராத்தா றாஹிலாவுக்கு. கல்யாணத்தன்று ஒரு பெட்டியோடு றுமானாவின் வீட்டுக்கு வந்து குடியேறிய மசூர், மீன் லொறி ஓட்டினான். கொழும்பில் லோட்டை இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு லொறியை வீதியோரமாக நிறுத்தியவன், பிறகு அதை எடுக்கவில்லை. மையித்து வீட்டுக்கு வந்து அடக்கமான அன்றே அவனுடைய உம்மா சபியா உம்மா, பாயும் தலையணையுமாக மருமகளோடு வந்து இருந்துவிட்டாள். நாலு மாதமும் பத்து நாளும் றுமானா வெளியே போகாமல், அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல் வீட்டோடு இருக்க வேண்டும். அந்த இத்தாவைக் காக்கிற பொறுப்பு தன்னுடையது என்று சபியா உம்மா நினைத்தாள்.

நினைத்ததோடு நிற்கவில்லை. வீட்டின் முன்பக்கம் ஹோல். அதிலிருந்து ஒரு நடை உள்ளே போகும். றுமானாவின் அறை, குசினி, குளியலறை எல்லாம் அந்த நடையில்தான். அனுதாபம் சொல்ல வரும் ஆண்கள் ஹோலில் குந்தியிருந்தால், நடையில் போகிறவள் கண்ணில் படுவாள். ஆகவே அறைக்குள் கிடந்த பெரிய இரும்பு அலுமாரியை நாலு ஆண்களைக் கொண்டு தூக்குவித்து, நடை தொடங்கும் இடத்தில் நிறுத்தியிருந்தாள். உயரத்துக்கு மேலே ஒரு சாண் மிச்சம். பக்கத்தில் ஓர் ஆள் ஒருக்கணித்து நுழையும் இடைவெளி. அதற்கு ஒரு துணி.

றுமானாவின் கொம்பியூட்டர் முன்பு ஹோல் மூலையில், சுவரில் அறைந்த ரவுட்டருக்குக் கீழே இருந்தது. கொழும்பில் டொக்டர்மாரைக் காட்ட வருகிறவர்களுக்கு முன்கூட்டியே நம்பர் போட்டுக் கொடுக்கும் கம்பனி ஒன்றுக்கு, தமிழில் வரும் கோல்களை அவள் வீட்டிலிருந்தே எடுத்தாள். மசூரின் சம்பளம் நின்ற பிறகு அந்த வீட்டுக்குள் வருகிற ஒரே சம்பளம் அதுதான். இத்தா தொடங்கியதும் கொம்பியூட்டரும் அவளோடு அறைக்குள் வந்தது. ரவுட்டர் வரவில்லை. அதைக் கழற்றி உள்ளே பூட்ட வேண்டுமென்றால் லைன் இழுக்கிற ஆட்கள் வர வேண்டும். வயரை நிலத்தால் இழுத்தால் வருகிற போகிற ஆட்கள் தடக்கி விழுவார்கள். சுனாமியில் கடல் வந்துபோன பிறகு கட்டிய வீடு. சுவருக்குள்ளெல்லாம் கம்பியும் கொங்கிறீட்டும். அறைக்குள் போன் சிக்னலும் சரியாக எடுபடாது.

அன்று காலை கிண்ணியாவிலிருந்து ஒரு மனிசன் பேசினார். நெஞ்சு வருத்தத்துக்குப் பெரிய டொக்டரைக் காட்ட வேண்டுமாம்.

"பேரச் சொல்லுங்க வாப்பா."

"பேர் பளீல். மகள், எனக்குக் கெதியா ஒரு நம்பர்—"

அதோடு அறுந்துபோனது. வேலைக்குத் திரும்பிய மூன்று நாளாக இப்படித்தான். பின்னர் சுப்பவைஸர் நிரோஷன் பேசினார். "மிஸ் றுமானா, நாளைக்குக் காலைல நானே உங்க லைனக் கேட்டுக்கிட்டு இருப்பேன். ஒருக்கா விழுந்தாலும் சீட்ட வேற ஆளுக்குக் குடுக்கச் சொல்லி மேலருந்து சொல்லிட்டாங்க. சொறி மிஸ், என் கையில இல்ல."

அந்தச் செய்திதான் றாஹிலாவை இன்பாஸின் கடைக்கு ஓட வைத்தது. அதுதான் இப்போது கேட்டடியில் அட்டைப் பெட்டியாக வந்து நின்றது.

"சரி," என்றாள் சபியா உம்மா கடைசியில். "அவன் கேட்டத் தாண்டப்படா. றுமானா வாயத் தொறக்கப்படா. கேக்கிறதெல்லாம் உன்னட்டக் கேக்கட்டும், நீ எனக்குச் சொல்லு, நான் அவவுக்குச் சொல்றன்."

"மௌலவியே சொன்னாரே மாமி, தேவைக்குக் கதைக்கலாமெண்டு. காலம்புற முழுக்க அவ ஆரோடயெல்லாமோ கதைக்கிறாதானே?"

"அது கொழும்பு. கண்காணாத சத்தம். இவன் நம்மட பள்ளியில தொழுறவன்."

றாஹிலா கேட்டடிக்குப் போனாள். பெட்டியை வாங்கிக்கொண்டு வந்து அலுமாரியின் பக்கத்து இடைவெளியால் உள்ளே நீட்டினாள். தடித்த பிளக்கைப் போல, இரண்டு கொம்பு முளைத்த வெள்ளைச் சாமான், ரவுட்டரின் சிக்னலை வாங்கித் தூரத்துக்கு அனுப்புவது.

"இதா அந்த மிசின்? கொசுவுக்குப் போடுறதப் போல இரிக்கி," என்றாள் சபியா உம்மா.

இன்பாஸ் வீதியைப் பார்த்தபடியே சத்தமிட்டான். "ராத்தா, அத முதல்ல ஒரு பிளக்ல போடச் சொல்லுங்க! கொம்பியூட்டருக்குப் பக்கத்தில வேணாம், ரவுட்டருக்கும் அறைக்கும் நடுவுல!"

"நடுவுல போடட்டாமே மாமி!"

"நடுவுலயாம் புள்ள!"

நடுவில் இருந்த ஒரே பிளக் பொயின்ற், நடையில், அலுமாரியின் முதுகுக்குப் பின்னால் இருந்தது. றுமானா கையை உள்ளே விட்டுத் தடவிச் சொருகினாள். வெள்ளைச் சாமானில் ஒரு லைட் மினுங்கியது.

"பத்திற்று எண்டு சொல்றா!" சபியா உம்மா கத்தினாள்.

"பத்திற்றாம்!" றாஹிலா கேட்டுக்குக் கத்தினாள்.

"இப்ப ரவுட்டர்ட பின்னால ஒரு பட்டன் இரிக்கும், அத ஒருக்கா அமத்துங்க! அமத்தின கையோட மத்தச் சாமான்ட பட்டனையும் அமத்தச் சொல்லுங்க! சுணங்கினா சரிவராது!"

ரவுட்டர் உயரத்தில் இருந்தது. றாஹிலா கேட்டடியிலிருந்து ஓடி வருவதற்குள், சபியா உம்மா கதிரையொன்றை இழுத்துப்போட்டு, சேலையை இடுப்பில் செருகி, தானே ஏறிவிட்டாள். பிஸ்மி சொல்லி, பட்டனைக் கட்டைவிரலால் அழுத்தி, எடுக்காமல் வைத்துக்கொண்டாள்.

"மாமி, விரல எடுங்க, பழுதாக்கிப் போடப் போறீங்க!"

"பச்சையாப் பத்துது. நீ ஓடு, அவளுக்குச் சொல்லு!"

றாஹிலா சொன்னாள். றுமானா அமத்தினாள். மூன்று பேரும் மூன்று இடத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளைச் சாமானின் லைட் கொஞ்ச நேரம் மினுங்கி, சிவப்பாக நின்றது.

"செவப்பாம்!"

"செவப்பா? திருப்பி ஒருக்கா அமத்துங்க!"

திருப்பி அமத்தினார்கள். கழற்றிப் போட்டார்கள். சபியா உம்மா மூன்று தரம் கதிரையில் ஏறி இறங்கினாள். சிவப்புத்தான். பின்னேர அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லிற்று.

"சாமான் பழுதில்ல ராத்தா, கடையில போட்டுப் பாத்துத்தான் கொண்டு வந்தன்," என்றான் இன்பாஸ். "பிளக் இரிக்கிற இடம் சரியான இடம். வேற என்னவோ ஒண்டு. நான் உள்ளுக்கு வந்து பாத்தாத்தான் சொல்லேலும்."

"உள்ளுக்கு வரேலா வாப்பா, நீங்களே பாத்தீங்கதானே."

"அப்ப நாளைக்குப் பின்னேரம் வேற ஒண்டு கொண்டாறன்."

"நாளைக்குக் காலத்தாலயே சீட்டுப் போயிரும். பின்னேரம் கொண்டு வந்து அதுல நாங்க என்ன தேத்தண்ணியா ஊத்துற?"

அவன் தலையைச் சொறிந்துகொண்டு பள்ளிக்குப் போய்விட்டான். றாஹிலா கேட்டைப் பூட்டினாள். ஹோல் படியில் வந்து குந்தினாள்.

நடையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"மாமி, அவர் போயிற்றாரா? நான் இப்ப கதைக்கலாமா?"

"கதையன். ஆரு வேணாமெண்ட?"

அலுமாரியின் பக்கத்துத் துணியை விலக்கிக்கொண்டு றுமானா ஹோலுக்கு வந்தாள். வெள்ளை உடுப்பு. கையில் போன். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. ஆனால் முகத்தில், பரீட்சைத் தாளில் ஒரு கணக்கைப் பிடித்துவிட்ட பிள்ளையின் அவசரம் தெரிந்தது.

"ராத்தா, இஞ்ச பாரு. இஞ்ச நிண்டா நாலு கோடும் வருது." போனை உயர்த்திக் காட்டினாள். ஒருக்கணித்து நடைக்குள் நுழைந்தாள். "அலுமாரிட முதுகுப் பக்கம் வந்தா ஒண்டுமில்ல. அங்கால அறை வாசலுக்குப் போனா ஒரு கோடு வந்து வந்து போகுது. அது இந்த இடைவெளியால வாறது. செவர் ஒரே செவர்தானே? நடுவுல இரிக்கிறது என்ன?"

றாஹிலா எழுந்தாள். "அலுமாரி."

"அலுமாரி மறிக்கி."

"மறிக்கத்தானே புள்ள வச்ச!" சபியா உம்மாவின் குரல் ஏறியது. "நாலு பேரக் கூட்டி வந்து, அவனுகளுக்குத் தேத்தண்ணி ஊத்திக் குடுத்து, மறிக்கத்தான் வச்ச!"

"நீங்க கண்ண மறிக்க வச்சீங்க மாமி. அது லைனையும் மறிக்கி."

"காத்துல வாற சாமான இரும்பு எப்பிடிகா மறிக்கும்? கண்ணுக்குத் தெரியாதது அலுமாரிக்குப் பயந்துபோய் நிக்குமா?"

றுமானா ஹோல் மேசைக்குப் போனாள். மேசையில் அனுதாபத்துக்கு வந்தவர்கள் வைத்துவிட்டுப் போன பிஸ்கட் டின்கள் அடுக்கிக் கிடந்தன. ஒன்றைத் திறந்து, மிச்சமிருந்த பிஸ்கட்டை ஒரு கோப்பையில் கொட்டினாள். தன்னுடைய போனை டின்னுக்குள் வைத்தாள்.

"ராத்தா, எனக்கு ஒரு வாட்ஸ்அப் கோல் எடு."

றாஹிலா எடுத்தாள். ரவுட்டருக்குக் கீழேயே டின்னுக்குள்ளிருந்து போன் அடித்தது. மூடி இன்னும் திறந்துதான் கிடந்தது.

"அடிக்கிதானே?" என்றாள் சபியா உம்மா.

றுமானா போனை வெட்டிவிட்டு, டின்னின் மூடியை இறுக்கிப் போட்டாள். அதைத் தூக்கி மாமியின் மடியில் வைத்தாள். "இப்ப எடு ராத்தா."

றாஹிலா எடுத்தாள். போனைக் காதில் வைத்தாள். சபியா உம்மா டின்னைக் காதோடு அணைத்தாள். ஒன்றுமில்லை. டின்னை ஒருமுறை குலுக்கினாள். உள்ளே போன் தகரத்தில் மோதியது. வேறு சத்தமில்லை.

"ஆ, மசூர்ட உம்மா," என்றாள் அவள், தன்னையே கூப்பிடுவது போல. மூடியைத் திறந்தாள். போன் உடனே அடித்தது. மூடினாள். திறந்தாள். "அப்ப நான்தான் இத்தன நாளா இந்தப் புள்ளைய டின்னுக்குள்ள போட்டு மூடி வச்சிருந்தனா?"

"ஒங்களக் குத்தம் சொல்லல்ல மாமி."

"அலுமாரிக்கு மேல வச்சா என்ன அந்தச் சாமான?"

"நீட்டு வயர் கோர்ட் இல்ல. இரிக்கிற ஒண்டையும் கொம்பியூட்டருக்குப் போட்டிரிக்கி. மேல வச்சாலும் இஞ்சால எறங்குற பக்கம் முழுக்க இரும்புதானே."

சபியா உம்மா டின்னை மேசையில் வைத்தாள். அலுமாரியைப் பார்த்தாள்.

"எடுத்தா ஊர் என்ன சொல்லும்? இத்தா முடியிறதுக்கு முந்தி மறைப்ப எடுத்திற்றாள்கள் எண்டு சொல்லும். என்னத்தான் சொல்லும். மகன்ட மையித்து ஆறக்குள்ள மருமகள வெளிச்சத்தில விட்டவ எண்டு."

"மறைப்ப எடுக்கச் சொல்லல்ல மாமி," என்றாள் றுமானா. "இரும்ப எடுத்துப்போட்டுத் துணியால மறைப்பம். துணிக்குள்ளால லைன் வரும். கண் வராது."

வேலையை விட்டுவிடவும் சொல்லலாம் என்று மூவருக்கும் தெரிந்திருந்தது. யாரும் சொல்லவில்லை. சபியா உம்மா சேலையை மறுபடி இடுப்பில் செருகினாள்.

"நாலு ஆம்புளைகள் தூக்கின சாமான்."

"அவனுகள் சாமான் நெறஞ்சிருக்கத் தூக்கினானுகள். நாம வெறுமனாக்கித் தள்ளுவம்," என்றாள் றாஹிலா.

அலுமாரித் திறப்பை எடுத்துப் பூட்டைத் திறந்தார்கள். மேல் தட்டில், ராத்தா வீட்டில் விளையாடப் போயிருந்த றுமானாவின் மகள் பஸ்னாவின் உடுப்புகள். நடுத் தட்டில் மசூரின் சாறன்கள், மடித்த சேர்ட்டுகள். சபியா உம்மா அவற்றை ஒவ்வொன்றாக எடுக்காமல், இரண்டு கையாலும் மொத்தமாக அள்ளி நெஞ்சோடு வைத்துக்கொண்டு அறைக்குள் கொண்டுபோனாள். திரும்பி வரக் கொஞ்சம் சுணங்கினாள். மற்ற இருவரும் இழுக்கிற லாச்சியைக் கழற்றுவதாகச் சத்தம் போட்டுக்கொண்டு நின்றார்கள்.

வெறுமையான அலுமாரியை றாஹிலா தோளால் முட்டிப் பார்த்தாள். அசையவில்லை.

"நில்லு. ஆட்டுக்குட்டி முட்டுறதப் போல முட்டாத," என்றாள் சபியா உம்மா. "றுமானா, பழைய பெட்சீற் ரெண்டு கொண்டா. ஈரமாக்கிக் கொண்டா."

அலுமாரியை ஒரு பக்கம் சரித்து, இரண்டு முன் காலுக்கும் கீழே ஈரத்துணியைச் சொருகினாள். மறுபக்கம் சரித்து மற்றதை. பிறகு துணியின் தலைப்பை இரண்டு கையிலும் சுற்றிக்கொண்டு, ஹோல் பக்கம் நின்று பின்னால் சாய்ந்தாள். ஆணம் காய்ச்சி, மீன் கழுவி, வளவு கூட்டிய கைகள்.

"நீங்க ரெண்டு பேரும் அங்கால இரிந்து தள்ளுங்க. நான் சொல்லக்குள்ள. ஒண்டா."

"மாமி, ஒங்கட இடுப்பு—"

"என்ட இடுப்ப நான் பாப்பன். யா அல்லாஹ்!"

தரை ஓட்டில் துணி வழுக்கியது. அலுமாரி ஒரு அடி வந்தது. கதவுகள் கடகடவென்று ஆடின. றாஹிலா சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பில் கைக்குப் பலமில்லாமல் போனது.

"சிரிக்காதகா, மௌத்து ஊடு!"

"நீங்க கரைவல இழுக்கிற ஆள் மாதிரி நிக்கிறீங்க மாமி, நான் என்ன செய்ய?"

"இழு! இல்ல, தள்ளு! யா அல்லாஹ்!"

சபியா உம்மாவின் வாயும் கோணிக்கொண்டு வந்தது. மசூர் போன பிறகு அந்த வீட்டில் முதல் தடவையாக மூன்று பெண்களும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். அலுமாரி மற்ற அடிக்கு வந்தது, பிறகு மற்றதுக்கு. கடைசியில் ஹோல் சுவரில் மோதி நின்றது. மூவரும் அதில் சாய்ந்துகொண்டு மூச்சு வாங்கினார்கள்.

மறைப்பு வேலை மிச்சம். மருதமுனைக் கைத்தறியில் நெய்த தடித்த விரிப்பு இரண்டை றாஹிலா தன் வீட்டிலிருந்து கொண்டு வந்தாள். நடையின் இரண்டு சுவரிலும் ஆணியடித்து, கயிறு இழுத்து, இரண்டையும் ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டார்கள். சபியா உம்மா நடைக்குள் லைட்டைப் போட்டுவிட்டு வந்து, ஆண்கள் குந்துகிற கதிரையில் ஓர் ஆணைப் போலக் காலை அகட்டிக் குந்தினாள்.

"நட புள்ள, குசினிக்கு."

றுமானா நடந்தாள். "தெரியிதா மாமி?"

"ஆள் தெரியல்ல. கால் தெரியிது. இன்னம் எறக்கு."

இறக்கினார்கள்.

"இப்ப?"

"இப்ப நீ இரிக்கியா இல்லையா எண்டே தெரியல்ல. மற்றக் கதிரையிலயும் குந்திப் பாக்கன், பொறு." எல்லாக் கதிரையிலும் குந்திப் பார்த்தாள். "சரி. இனி ஊர் வந்து பாக்கட்டும்."

ரவுட்டரின் பட்டனை அவளே அமத்தினாள். றுமானா நடையில் மண்டியிட்டு மற்றதை அமத்தினாள். சிவப்பு. மினுங்கியது. மஞ்சள். மினுங்கியது. றாஹிலா விரிப்பின் ஓரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பச்ச!"

"என்ன?"

"பச்ச மாமி! பச்ச! நிக்கிது!"

சபியா உம்மா கதிரையிலிருந்து குதித்த வேகத்துக்கு றாஹிலா பயந்தே போனாள். "அல்ஹம்துலில்லாஹ்! அந்த இன்பாஸ் பொடியனுக்குப் போனடிச்சுச் சொல்லுகா, சாமான் பழுதில்லையாம், மாமிதான் பழுதாம் எண்டு!"

மறுநாள் காலையில் றுமானா ஹெட்செட்டைப் போட்டுக்கொண்டு அமர்ந்தாள். பொத்துவிலிலிருந்து ஒரு தாய், பிள்ளைக்குக் காது டொக்டர். மன்னாரிலிருந்து ஒரு வயோதிபர், எந்த டொக்டர் என்றே தெரியாது, தலை சுற்றுகிறது மட்டும் தெரியும். றுமானா ஒவ்வொருவருக்கும் பொறுமையாகக் கேட்டு, நம்பரை இரண்டு தரம் சொல்லி, திருப்பிச் சொல்லவும் வைத்தாள். லைன் விழவில்லை. முந்திய நாள் அறுந்துபோன கிண்ணியா மனிசன் மறுபடி எடுத்தார்.

"நேத்து ஒரு புள்ள கதைச்சா, பேரக் கேட்டுப்போட்டுப் போன வெச்சிற்றா."

"அது நான்தான் வாப்பா. மன்னிச்சுக்கொள்ளுங்க. லைன் போயிற்று. நாளைக்குக் காலத்தால ஒங்களுக்கு நம்பர் போட்டிருக்கன், முதல் நம்பர்."

"அல்லாஹ் ஒனக்கு நீண்ட ஆயுளத் தரட்டும் மகள்."

அறை வாசலில் பாயில் குந்தி இறால் உரித்துக்கொண்டிருந்த சபியா உம்மா, மருமகளின் குரலைக் கேட்டு உரிப்பதை நிறுத்தினாள். சட்டியைக் கொஞ்சம் அறைக்குக் கிட்டவாக இழுத்து வைத்துக்கொண்டாள்.

அன்று ஹோலுக்கு வந்தவர்களுக்குத்தான் பாடு. விரிப்புக்கு முன்னால் யாரும் நிற்க அவள் விடவில்லை. அலுமாரி எங்கே என்று கண்ணால் தேடியவர்களுக்கு, கேட்காமலே சொன்னாள். "அது இரும்பு. இரும்பு கூடாது. துணிதான் திறம், போய் அந்தக் கதிரையில குந்திப் பாருங்க, ஏதாவது தெரியிதா எண்டு." சோறு கொண்டு வந்த ஒருத்தி எவர்சில்வர் அடுக்குப் பெட்டியோடு நடையடியில் நின்று மூக்கைச் சிந்தினாள்.

"அந்தத் தகரத்தக் கொண்டு அங்கால போகா! மருமகள்ட லைன் வாற வழி!"

அவள் அழுகையை மறந்து இரண்டு அடி பின்னால் போனாள்.

பகல் லுஹர் தொழுகைக்கு முன்பாக நிரோஷன் பேசினார். றுமானா கையைக் காட்டியதும் றாஹிலா ஓடி வந்தாள்.

"ஸ்பீக்கர்ல போடு. நாங்களும் கேக்கணும்."

"போடு, போடு," என்றாள் சபியா உம்மா. "கொழும்பார் என்ன சொல்றாரெண்டு பாப்பம்."

"மிஸ் றுமானா, சூப்பர்!" அந்தக் குரல் அறை முழுக்க நிறைந்தது. "காலைலருந்து ஒரு கோல் கூட விழல. எங்க டீம்லயே இப்ப உங்க லைன்தான் க்ளியர். சீட்டப் பத்தி இனி நீங்க பயப்பட வேணாம். மேலயும் சொல்லிட்டேன்."

றாஹிலா தங்கையின் தோளைப் பிடித்து உலுக்கினாள். சபியா உம்மா இறால் கையாலேயே மருமகளின் தலையைத் தடவப்போய், பாதியில் நிறுத்தி, முழங்கையால் தடவினாள். றுமானா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண் நிறைந்திருந்தது.

"தேங்க்ஸ் சேர். மிச்சம் தேங்க்ஸ்."

"இன்னொண்ணு மிஸ். நீங்க இப்ப நாலு மாசத்துக்கு வெளிய எங்கயும் போகமாட்டீங்கதானே? அதனால ஞாயிறு, போயா லீவு, உங்க பெருநாள், எல்லா டியூட்டியும் உங்களுக்கே போட்டுட்டேன். மத்தவங்க லீவு கேக்கிறாங்க. அவங்களுக்கெல்லாம் குடும்பம் இருக்கு. நீங்க எப்படியும் வீட்லதானே இருக்கப் போறீங்க? சம்பளம் அதே சம்பளம்தான். ஆனா சீட் உறுதி. ஓகேதானே மிஸ்?"

றுமானாவின் கை மவுஸின் மேல் அப்படியே இருந்தது. றாஹிலா அவளுடைய தோளிலிருந்து கையை எடுக்கவில்லை. விரிப்புக்கு இந்தப் பக்கம், நடைச் சுவரில் பச்சை லைட் அசையாமல் நின்றது.

"மிஸ்? கேக்குதா?"

சபியா உம்மா சட்டியைத் தள்ளி வைத்தாள். சேலைத் தலைப்பில் விரல் விரலாகக் கையைத் துடைத்தாள். எழுந்து வந்து, மருமகளின் வாய்க்கு முன்னால் நீட்டிக்கொண்டிருந்த மைக்கைத் தன் பக்கம் திருப்பினாள்.

"தம்பி, நான் மாமி கதைக்கன். மசூர்ட உம்மா."

"ஆ... சொல்லுங்கம்மா."

"லைன் நல்லா விளங்குதா தம்பி?"

"நல்லா கேக்குதும்மா, க்ளியரா கேக்குது."

"அப்ப எனக்கு ஒண்டச் சொல்லுங்க. என்ட மகன் மௌத்தானது, ஒங்களுக்குப் பெருநாளைக்கு வேலை செய்ய ஆள் தாறதுக்கா?"